இலக்கை எழுதிவிட்டு மறந்துபோகிறோம்: எங்கே தவறுகிறோம்?

புது வருடம், பிறந்தநாள், புது வேலை என்று ஒரு தொடக்கம் வந்தால் போதும், நம்மில் பலர் இலக்குகளை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கேட்டால் சோம்பல் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: இலக்கை அமைத்த விதத்தில் கொஞ்சம், அதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டதில் நிறைய.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஓரங்கட்டிவிடலாம். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 வருடம் கழித்து மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்களுடையது அதிகமாக இருந்ததாம். சுயமுன்னேற்ற வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் இந்த ஆய்வு நடந்ததற்குத் தடயமே இல்லை. எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எழுதினாலே பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு ஆபத்தானது.

'ஆரோக்கியமாக இருக்க வேண்டும்', 'நிறையப் படிக்க வேண்டும்' என்று மொத்தமாக எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. தெளிவான, சற்றே கடினமான இலக்கு வைத்தவர்கள், 'முடிந்ததைச் செய்' என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதை எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. முற்றிலும் புதிய, சிக்கலான விஷயத்தைக் கற்கும்போது எண்ணிக்கை இலக்கு கெடுதலாகவும் முடியலாம். நீச்சலே தெரியாதவர் 'மூன்று மாதத்தில் 20 சுற்று' என்று வைத்துக்கொண்டால், மூச்சுவிடும் முறையைப் பழகாமலே கை காலை அடித்துக்கொண்டு எண்ணிக்கைக்காகப் போராடுவார். அவர் முதலில் வைக்க வேண்டிய இலக்கு, தலையைத் திருப்பி மூச்சை இழுக்கப் பழகுவது.

'எப்போது, எங்கே' இல்லாத இலக்கும் தேங்கிப்போகும். 'மாலை வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் நடக்கக் கிளம்புவேன்' என்று, தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு செயலை முடிச்சுப் போட வேண்டும். இந்த முறையைப் பற்றிய 94 சோதனைகளை பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கை எட்டுவதில் இது நல்ல பலன் தருவது தெரிந்தது.

காலக் கணக்கில் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள். ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல்! ஆக, தேதி குறிக்கும்போது மனதில் ஓடும் படத்தை நம்பாதீர்கள். இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் எடுத்தது என்று பாருங்கள்.

அடுத்தவரைப் பார்த்து வைக்கிற இலக்கு பற்றி ஒரே ஒரு கேள்வி போதும்: இதைச் சாதித்ததை யாரிடமும் சொல்ல முடியாது என்றாலும் எனக்கு இது வேண்டுமா?

இனி, திரும்பிப் பார்ப்பது. எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது இதுதான். 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த கட்டுரை ஒன்று, முன்னேற்றத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்கிறது. அதை எழுதி வைத்தால் பலன் இன்னும் கூடுகிறது. நாமோ வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம், அல்லது நீதிபதி மாதிரி உட்கார்ந்து நமக்கே தீர்ப்பு எழுதுகிறோம். திட்டு விழும் என்று தெரிந்தால் யார்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்?

ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் புது மொழி படிப்பதாக எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதியில் குறிப்பேட்டைப் பார்க்கிறார். திங்கள், செவ்வாய், சனி, ஞாயிறு டிக் இருக்கிறது. புதன், வியாழன், வெள்ளி காலி. வழக்கமாகக் கீழே எழுதுவது 'இனிமேல் ஒழுங்காக இருக்க வேண்டும்'. அந்த வரியால் அடுத்த வாரம் எதுவும் மாறாது. அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்: அன்றெல்லாம் வேலை முடியவே இரவு ஒன்பது. அப்படியானால் அந்த நாட்களில் மட்டும் காலையில் 20 நிமிடம் என்று மாற்றலாம். இங்கே மொழி கற்கும் இலக்கும் ஆளும் அப்படியே இருக்க, திட்டம் மட்டும் மாறுகிறது. வாரம் ஒரு பத்து நிமிடம் இதற்குப் போதும்.

அவசரமாகத் தீர்ப்பு சொல்வதும் வேண்டாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். 2010இல் பிலிப்பா லாலி குழு வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. 22ஆம் நாள் 'எனக்கு வராது' என்று மூட்டை கட்டுவதற்குக் காரணமே இல்லை.

கடைசியாக, எந்த இலக்கையும் கைவிடக் கூடாது என்ற பிடிவாதம். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் விரும்பியது இன்று பொருந்தாமல் போயிருக்கலாம். எட்டவே முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றில் மனதைச் செலுத்த முடிந்தவர்களின் மனநலம் மேலாக இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் சோர்ந்துபோன இரவில் அந்த முடிவை எடுக்காதீர்கள். அடுத்த வாரப் பார்வை வரை தள்ளிப்போடுங்கள். அப்போதும் விடுவதுதான் சரி என்று பட்டால், தேதி போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதி, கோடு போட்டு அடியுங்கள். அந்த நேரத்தை இனி எதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.