ஹார்ட்காசில் கிராக்ஸ்: காட்டு வழியாகக் கிப்சன் மில்லுக்கு நடந்து போவது எப்படி?

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் ஊரை ஒட்டிய காட்டுப் பள்ளத்தாக்கு இது. பழமையான இடங்களையும் இயற்கைப் பகுதிகளையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. ஆற்றங்கரையில் 1800 வாக்கில் கட்டிய பழைய பஞ்சாலைதான் கிப்சன் மில்.

1. ரயிலில் போங்கள். மான்செஸ்டர் விக்டோரியா, லீட்ஸ் இரண்டிலிருந்தும் ஹெப்டன் பிரிட்ஜுக்கு ரயில் உண்டு. காரில் போனால், வெயிலடிக்கும் ஞாயிறன்று காட்டின் நுழைவாயிலான மிட்ஜ்ஹோல் பார்க்கிங்கில் இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும்.

2. குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். ஷூவுக்கு நல்ல பிடிப்பு இருக்கட்டும்.

3. ஊரிலிருந்து மிட்ஜ்ஹோல் நுழைவாயில் சுமார் ஒன்றரை மைல். குழப்பம் அதற்கப்புறம்தான். அகலமான வண்டிப்பாதை ஒன்று மரங்களுக்கிடையே மேலேறும்; ஒற்றையடிப் பாதை ஒன்று ஆற்றோரமாகப் போகும். எதில் போனாலும் மில் வந்துவிடும், ஏறக்குறைய ஒரு மைல்தான். ஆனால் ஆற்றோரம் அந்த ஒரு மைல் வேறு மாதிரி: வேர், சேறு, பாசி பிடித்த பாறை. கால் ஓய்வதற்குள் அதை முடித்துவிடுவது நல்லது. அதனால் போகும்போது ஆற்றோரம், திரும்பும்போது வண்டிப்பாதை. ஆற்றைக் கடக்க வரிசையாகக் கற்கள் போட்டிருப்பார்கள். கல்லின் தலை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் கால் வைக்காதீர்கள்; வந்த கரையிலேயே நடங்கள்.

4. மில்லில் நிதானமாக இருங்கள். 1833இல் இங்கே 21 பேர், வாரத்துக்குச் சராசரியாக 72 மணி நேரம் உழைத்தார்கள். நூற்பு நின்றபின், 1900களின் தொடக்கத்தில் அதே கட்டடம் நடனம், ரோலர் ஸ்கேட்டிங் என்று கேளிக்கைக்கூடமானது! இன்று வெளியிலிருந்து மின்கம்பி வருவதில்லை. ஆற்றுநீர் சுழற்றும் டர்பைனும் சூரியத் தகடுகளும் மின்சாரம் தருகின்றன, குடிநீர் மலை ஊற்றிலிருந்து, சூட்டுக்கு விறகு. கழிப்பறைகூடக் கழிவை மட்கவைக்கும் வகை. திறந்திருக்கும் நேரத்தை நேஷனல் டிரஸ்ட் தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.

5. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் தரையைப் பாருங்கள். ஊசியிலையும் சுள்ளியும் குவிந்த மேடு தெரிந்தால், அது காட்டெறும்புப் புற்று. சீண்டினால் அமிலம் பீய்ச்சும்.

பிற்சேர்க்கை: குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாமா என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். ஆற்றோரம் முடியவே முடியாது. வண்டிப்பாதையில், பெரிய சக்கரமுள்ள வண்டியென்றால் சரி. நீலமணிப் பூக்களுக்காக (ப்ளூபெல்)ப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் போங்கள்.