காடழிப்பு என்றால் எது? கால்நடைப் பண்ணைகள் சறுக்கும் இடங்கள்

"நான் ஒரு மரம்கூட வெட்டவில்லை, அப்புறம் எப்படிக் காடழிப்பு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கணக்குப் பார்ப்பது மரத்தை இல்லை, நிலத்தை. காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், மேலிருந்து பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் கிளையும் இலையும் மூடியிருக்க வேண்டும், முக்கியமாக அங்கே விவசாயம் பிரதானமாக இருக்கக் கூடாது. அந்த நிலம் மேய்ச்சலுக்கு மாறினால் காடழிப்பு. மரத்தை வெட்டிவிட்டுக் காட்டை மறுபடி வளரவிட்டால் அது காடழிப்பு ஆகாது. தானாகப் பற்றிய தீயில் எரிந்த காட்டில் மாட்டை விட்டால், காடழித்த நிலத்துப் பொருள்களை உள்ளே விடாத ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதுவும் காடழிப்புதான்.

வெறும் 10 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்வதும் தப்பு. மேய்ச்சல் நிலத்தில் நிழலுக்காக விட்ட மரங்கள் அந்த அளவைத் தாண்டினாலும் அது காடாகிவிடாது.

அடுத்தது தேதி. எந்த நாளுக்குப் பிறகு அழித்தது என்று சொல்லாத 'காடழிப்பு இல்லாத மாட்டிறைச்சி' என்ற வாசகத்துக்கு அர்த்தமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அந்த நாள் 2020 டிசம்பர் 31. சட்டம் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனாலும் இந்தத் தேதி மாறவில்லை. பிரேசிலின் 2012 வனச் சட்டத்துக்கோ 2008 ஜூலை 22. அதே சட்டம் அமேசான் காட்டுப் பகுதியில் பொதுவாக நிலத்தின் 80 சதவீதத்தைக் காடாக வைத்திருக்கச் சொல்கிறது, மீதியை அனுமதி வாங்கி அழிக்கலாம். அப்படி 2021இல் அழித்தவர் உள்ளூரில் சட்டப்படி சரி, ஆனால் அந்த நிலத்து மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்குள் போக முடியாது. சட்டபூர்வமும் காடழிப்பின்மையும் ஒன்று என்று ஏற்றுமதியாளர்களே சிலர் நம்புவது ஆச்சரியம்தான்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, கடைசிப் பண்ணையை மட்டும் பார்ப்பது. கன்று ஓரிடத்தில் பிறந்து, இன்னோரிடத்தில் வளர்ந்து, மூன்றாவது இடத்தில் கொழுக்கவைக்கப்பட்டு இறைச்சிக்கூடத்துக்கு வருகிறது. கூடம் அந்த மூன்றாவது பண்ணையின் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்கிறது, கன்று பிறந்த இடம் போன வருஷம்தான் எரித்த காடாக இருந்தாலும். அதனால்தான் மாடு இருந்த எல்லா இடங்களின் இருப்பிடத் தகவலையும் ஐரோப்பியச் சட்டம் கேட்கிறது. தீவனச் சோயா விளைந்த நிலமும் கேள்விக்கு உட்பட்டதுதான், பலர் அதை மறந்தேவிடுகிறார்கள்.

கடைசியாக, காடு இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்ற நினைப்பு. பிரேசிலின் செராடோ சவானாவில் (புல்லும் சிதறிய மரங்களுமாக இருக்கும் நிலம்) பெரும்பகுதி இந்தக் காட்டு அளவுகோலுக்குள் வராது, அதை உழுதால் இந்த அளவுகோலின்படி 'காடழிப்பு' என்று கணக்கில் வராமல் போகலாம். ஆனால் மண்ணிலும் ஆழமான வேர்களிலும் சேர்ந்திருக்கும் கார்பன் போய்விடும். நிலத்தை நீண்டகாலம் காப்பாற்ற நினைப்பவர் காடழிப்பு என்பதோடு இயற்கை நிலத்தை மாற்றுவதையும் தன் வரையறையில் சேர்த்து, தேதியையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.