மாமல்லபுரத்தில் மூன்று இரவு: பினாங்கிலிருந்து பை மாட்டிக் கிளம்புவோருக்கு

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு உருண்டைப் பாறை புதிதல்ல. கருங்கல்லின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உருட்டிவிடுகிறது. மாமல்லபுரத்திலும் அப்படித்தான். ஆனால் அங்கே 7, 8ஆம் நூற்றாண்டுகளில் பல்லவச் சிற்பிகள் உளியோடு வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் பலர் சென்னையில் துணி எடுத்துவிட்டு, அரை நாள் வேனில் போய், ‘வெண்ணெய் உருண்டை’ எனும் பெரிய உருண்டைப் பாறையோடு படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காது. மூன்று இரவாவது தங்குங்கள்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 55 கிலோமீட்டர் அளவுதான். திருவான்மியூரில் பேருந்து கிடைக்கும். முதுகுப்பைக்காரர்கள் தங்குவது பெரும்பாலும் ஒத்தவாடைத் தெருவில். இங்கேதான் கவனம் வேண்டும். நம் முகமும் பேச்சும் தமிழ், கடப்பிதழோ மலேசியா. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத விடுதியில் அறை தரமாட்டார்கள். தமிழில் பேசி அறை பிடித்து, கடப்பிதழை நீட்டியதும் திருப்பி அனுப்பப்பட்டு, இரவு பத்து மணிக்குப் பையோடு தெருவில் நின்றிருக்கிறேன். “மலேசியக் கடப்பிதழ், பரவாயில்லையா அண்ணே?” என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அதே நாளில் ஒரே சீட்டு போதும். நான் போனபோது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான், மறக்காமல் எடுத்துப் போங்கள். சின்னக் கடைகளில் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பணம் வாங்குவார்கள், இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர் சில்லறை நோட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். முதல் நாள் உங்களுக்கு விடிகாலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். அதை வீணாக்காதீர்கள். ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் குன்றுப்பக்கம் போய்விடுங்கள், பதினொரு மணிக்குமேல் பாறை காலைச் சுடும். வெண்ணெய் உருண்டை சுமார் 250 டன் என்பார்கள். 1908இல் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லையாம். வழுக்குப்பாறைச் சரிவில் அது நிற்கிற நிலையைப் பார்த்தால், கீழே நிழலுக்கு உட்காரவே தயக்கமாக இருக்கும். ‘அர்ச்சுனன் தபசு’ என்ற பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைத் தேடிப் பாருங்கள். காலடியில் எலிகள் இருக்கும்.

இரண்டாம் நாள் சைக்கிள் எடுத்து வடக்கே ஐந்து கிலோமீட்டர், சாளுவன்குப்பம். புலிக்குகையில் குகையைச் சுற்றி யாளி முகங்கள். அப்புறம் பக்கத்திலேயே ஒரு முருகன் கோயில். 2004 ஆழிப்பேரலை மணலை அரித்தபின் வெளிப்பட்ட கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு தோண்டியபோது, பல்லவர் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. முன்னால் ஒரு கல்வேல். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த குடும்பத்தில் பிறந்த நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

குளிக்க மட்டும் கடலில் இறங்காதீர்கள். அது நம் பினாங்குக் கடல் இல்லை, இழுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரியில் போனால் வெயிலையும் தாங்கலாம், ஜனவரி நடுவில் என்றால் பொங்கலும் கிடைக்கும்.