துருக்கி நண்பர் வீட்டில் கடற்கரை விடுமுறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு துருக்கிக் குடும்பத்தோடாவது நெருங்கிய பழக்கம் இருக்கும். பிள்ளைகள் ஒரே வகுப்பு, அப்பாக்கள் ஒரே தொழிற்சாலை, அதுவும் இல்லையென்றால் ஒரே மாடிப்படி. பழக்கம் இறுகியதும் ஒரு நாள் அழைப்பு வரும்: "கோடைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கடல் பக்கத்திலேயே இருக்கிறது." ஜேர்மனியில் உழைத்து ஓய்வு பெற்ற துருக்கியர் பலர் ஊரில் கடற்கரையோரம் ஒரு கோடை வீடு வாங்கிப் போட்டிருப்பார்கள். வெயில் காலம் முழுக்க அங்கேதான் இருப்பார்கள்.

நாங்கள் போவது ஏஜியன் கடலோரம், எத்ரெமித் வளைகுடாவின் வடகரையில் அல்தினொலுக் பக்கம். நண்பரின் அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கிறார்கள். எங்களைப் பார்த்து எங்கள் நண்பர்கள், அவர்களைப் பார்த்து அவர்களின் உறவினர் என்று இப்போது பல குடும்பங்கள் அந்தக் கரைக்குப் போய் வருகின்றன. ஆரம்ப காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்துகளை ஒவ்வொரு கோடையிலும் யாராவது புதிதாகச் செய்கிறார்கள். சன் கிரீம், தொப்பி, கடவுச்சீட்டுக் காலாவதி பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றவும் தமிழருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி குறிப்பது

"எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதே வாக்கியத்தை மூன்று மருமக்களுக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் சொல்லியிருப்பார்கள். "வேறு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். தியாகத் திருநாளான குர்பான் பைராம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்துவிடும். 2018இல் அது ஆகஸ்ட் 21இல் வந்தது. இஸ்தான்புல்லே காரில் ஏறிக் கடற்கரைக்கு வந்துவிட்டது போல இருந்தது. 2026இல் மே கடைசிக்கு வந்துவிடுவதால் இனிச் சில காலம் பள்ளி விடுமுறைக்காரர்கள் தப்பித்தோம்.

தலையணைக்கு அடியில் காசு

சரி, இதற்கு வருவோம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நல்ல மனிதர்கள், யாருக்கும் ஒரு சதம் கடன் வைக்காதவர்கள். எங்கள் மூலமாகத்தான் அந்த வீட்டுக்கு அறிமுகமானார்கள். பத்து நாளுக்கு மேல் தங்கினார்கள். கிளம்பும் நாள் காலையில், சில நூறு யூரோவை ஓர் உறையில் போட்டு, "மிக்க நன்றி" என்று எழுதி, படுத்த அறையில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்கள். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது. அது தெரிந்தும் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

விரிப்பை மாற்றப் போன அம்மாவின் கையில் உறை கிடைத்தது. அன்றிரவே ஜேர்மனியில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசி: "என் வீட்டைப் பென்சியோன் என்று நினைத்தார்களா?" அந்தக் கரையில் இந்தக் கேள்விக்குத் தனிக் காரம் உண்டு. அங்கே உண்மையாகவே வீட்டு அறைகளை நாள் கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பென்சியோன் என்று பலகையே தொங்கும். நான்கு வாசல் தள்ளி ஒருவர் செய்யும் தொழிலை நீயும்தான் செய்கிறாய் என்று அந்த உறை அவருக்குச் சொல்லிவிட்டது. தனக்கென்று வைத்திருந்த நல்ல அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, அந்த வெக்கையில் பேரப்பிள்ளைகளோடு கூடத்தில் படுத்தவர் அவர்.

உறை அப்படியே மகன் வழியாக என்னிடம் வந்தது. நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். "சும்மா எப்படிச் சாப்பிடுவது, அண்ணா?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் உன் பெரியம்மா வீட்டில் பத்து நாள் நின்றுவிட்டுத் தலையணைக்கு அடியில் காசு வைப்பாயா என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. அடுத்த கோடைக்கு அவர்களுக்கு அழைப்பும் இல்லை. எங்களுக்கு வந்தது. ஆனால் அந்த அம்மா என் மனைவியிடம், "உங்கள் நாட்டில் அப்படித்தானா?" என்று மெதுவாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். நாங்கள் செய்யாததற்கு நாங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

துருக்கியர் காசு கொடுப்பதையே கேவலமாக நினைப்பவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கலியாணத்துக்குப் போய்ப் பாருங்கள்: மணப்பெண் மேல் தங்கக் காசும் பணத்தாளும் ஊரறியக் குத்துவார்கள். நம் மொய்யைப் போலவே அதற்கும் ஓர் இடம் உண்டு. படுத்த பாய்க்குக் கிடையாது, அவ்வளவுதான்.

கணக்கை எப்படித் தீர்ப்பது என்று கேட்பீர்கள். முதலில், போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இலங்கைத் தமிழருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: துருக்கியர் குடிப்பது பெரும்பாலும் கருங்கடல் ஓரத்து ரிசே தேயிலை, ஆனால் சிலோன் தேயிலைக்கு அங்கே தனி மதிப்பு. பைகளில் அடைத்தது வேண்டாம். அடுக்குக் கெட்டிலில் மெதுவாக ஊறவைக்கும் அவர்கள் முறைக்குத் தூளாகவே வேண்டும். உடனே பிரித்துப் பார்க்காமல் ஓரமாக வைத்தால் மனம் நோகாதீர்கள்.

அப்புறம், காலையில் பாண் வாங்கும் வேலையை உங்களுடையது ஆக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் எழும் முன்பே பேக்கரிக்குப் போய்ச் சுடச்சுடப் பாணும் எள்ளு ஒட்டிய சிமித்தும் வாங்கி வந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வியாழக்கிழமை ஐவாலிக் சந்தைக்குப் போனால் பழக்கடையில் அவர்களுக்கு முன்னால் நில்லுங்கள். ஒரு தர்பூசணிக்கு இரண்டாக நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள். மீன் உணவகத்துக்குக் கூட்டிப்போவதென்றால் முதல் நாளே, "நாளைக்கு எங்கள் முறை" என்று அறிவித்துவிட்டு, உட்கார்வதற்கு முன்பே கல்லாவில் கார்டைக் கொடுங்கள். அங்கேயும் தோற்கலாம். "இவர்களிடம் வாங்காதே" என்று அப்பா காலையிலேயே கடைக்காரருக்குச் சொல்லி வைத்திருப்பார். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அங்கேயும் வழக்கம். அது நமக்குச் சொல்லாமலே வரும். பெரிய கணக்கு பிறகு தீரும், அவர்கள் குடும்பம் உங்கள் வீட்டில் வந்து தங்கும்போது.

நாளுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போடுவது

இன்று ட்ராய், நாளை பெர்காமா, மறுநாள் எபேசஸ். எபேசஸுக்கு அங்கிருந்து ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு நீங்கள் காரில் ஏறினால், பத்து மணிக்கு எட்டுப் பேருக்கு மேசை போட நினைத்திருந்தவர் என்ன செய்வார்? காலைச் சாப்பாடுதான் அந்த வீட்டின் நாள். ஒலிவ், இரண்டு மூன்று வகைச் சீஸ், தக்காளியும் முட்டையும் சேர்ந்த மெனெமென், தேன், பழப்பாகு என்று மதியம் வரை நீளும். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் வரும். அதில் உட்கார்ந்திருப்பதுதான் விருந்தாளியின் வேலை.

ஊர் பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மாலை பக்கத்தில் இருக்கும் அசோஸுக்குப் போங்கள், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு. அரிஸ்டாட்டில் மூன்று ஆண்டு அளவில் வாழ்ந்த ஊர். மேலே அதீனா கோயில் தூண்கள், எதிரே கடலுக்கு அப்பால் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவு. மற்றவை அடுத்த முறைக்கு.

அமைதியான கடலை நம்புவது

இது விளையாட்டல்ல. அந்தக் கரை தெற்கு பார்த்தது, முதுகுக்குப் பின்னால் காஸ் மலை. பொய்ராஸ் என்ற வடகிழக்குக் காற்று மலையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இருக்காது. கண்ணாடி போலத் தெரியும் தண்ணீரைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையைக் காற்றடைத்த மெத்தையில் படுக்கவிட்டுவிட்டு அலைபேசியை எடுப்பார்கள். தலை நிமிர்வதற்குள் மெத்தை நீந்திப் பிடிக்க முடியாத தூரம் போய்விடும். அலை இல்லாததே எச்சரிக்கை. அன்றைக்கு மெத்தையும் ஊதிய ஃபிளமிங்கோவும் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளை அதில் போய்விட்டால் அதைவிட்டு இறங்காமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிக் கத்துங்கள். நீங்கள் துரத்தி நீந்தாதீர்கள், 112ஐ அழையுங்கள். இதைப் போகும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

கருங்கடல் பக்கம் ஷிலே, கிலியோஸ் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே அலையும் உண்டு, உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள்.

மாட்டிறைச்சி விஷயத்தை மேசையில் சொல்வது

அழைப்பு வந்த அன்றே சொல்லுங்கள். உருண்டை பிடித்துப் பொரித்து மேசைக்கு வந்த பிறகு சொன்னால் அந்த அம்மா அழுதுவிடுவார். காலைத் தட்டில் இருக்கும் சுஜுக் என்ற மசாலாத் தொத்திறைச்சியும் பெரும்பாலும் மாடுதான். சைவம் என்றால் சோறும் சூப்பும் இறைச்சி வடித்த நீரில் வெந்தவையா என்று கேட்க வேண்டியிருக்கும். ஆனால் கவலை வேண்டாம், ஒலிவ் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துச் சாப்பிடும் காய்கறிகளுக்கு அந்தக் கரைதான் தாய்வீடு.

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது

பெண்களைத் தெய்ஸே (சித்தி, பெரியம்மா), ஆண்களை அம்ஜா (சித்தப்பா, பெரியப்பா). பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் போதும்.

சுடுதண்ணீரைத் தீர்ப்பது

கூரையில் வெயிலில் காயும் ஒரு தொட்டிதான். கடல் உப்பைத் தோட்டத்துக் குழாயில் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

தேத்தண்ணி

கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

திரும்பும்போது காரில் இடம் வைக்காதது

கட்டாயம் ஏற்றிவிடுவார்கள்: ஒலிவ், தக்காளிக் களி, ஐந்து லிட்டர் எண்ணெய் டின். இடமில்லை என்று சொல்வதும் ஏறக்குறைய அந்த உறை வைப்பது மாதிரிதான். சீஸும் சுஜுக்கும் மட்டும் வேண்டாம் என்று துணிந்து சொல்லலாம். இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக்கூடாது. கப்பிகுலே எல்லைச் சாவடியைத் தாண்டியதும் பல்கேரியச் சுங்கத்தில் பறிப்பார்கள். அம்மா முணுமுணுப்பார், ஆனால் சுங்கத்தின் மேல்தான் கோபப்படுவார். எண்ணெய்க்குத் தடையில்லை. டின்னை நிமிர்த்தி வைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பின்பெட்டியில் கசிந்தால் அடுத்த கோடை வரை மணக்கும்.