சான்றிதழ்க் கோவை தடிக்கிறது, திறன் வளர்கிறதா? ஆய்வு மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) பட்டத்திற்குப் பதிவு செய்த மாணவி ஒருவர் தமது சுயவிபரக் கோவையைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்திருந்தார். ‘திறன்கள்’ என்ற தலைப்பின் கீழ் வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் என மூன்று சொற்களே இருந்தன. அடுத்த பக்கம் முழுவதும் செயலமர்வுச் சான்றிதழ்களின் பட்டியல். அவரோ இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பாடசாலைக் காலத்திலிருந்தே தம் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்காக அடையாள அட்டை விண்ணப்பத்தையும் சேமலாப நிதிப் படிவத்தையும் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்குக் கூடவே சென்று அவர்களுக்காகப் பேசியும் வந்தவர். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அது ஒரு திறமையா சேர்?” என்று சிரித்தார்.

நான் பார்த்த வரையில் மலையகத்திலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். தம்மிடம் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கில் எடுக்காமல், இல்லாததை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஐக்கிய இராச்சியத்தில் 2010இல் வெளியான ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம், ஓர் ஆய்வாளருக்கு வேண்டியவற்றை நான்கு பெரும் பிரிவுகளாகவும் 12 உட்பிரிவுகளாகவும் 63 கூறுகளாகவும் வகுத்தது. அறிவும் சிந்தனைத் திறனும் அவற்றுள் ஒரு பிரிவு மட்டுமே. தன்னை நிர்வகித்துக்கொள்ளும் ஆற்றல், ஆய்வை நெறிமுறைப்படி ஒழுங்குபடுத்தி நடத்துதல், பிறரோடு இணைந்து பணியாற்றி ஆய்வின் பயனை வெளியே கொண்டு செல்லுதல் என்பன ஏனைய மூன்று. படிவம் நிரப்பிக் கொடுத்த அந்த மாணவி, நான்காவது பிரிவில் பல விரிவுரையாளர்களை விடவும் முன்னே நிற்கிறார். அந்த 63 கூறுகளையும் பரீட்சைக்குப் படிப்பது போல மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அப்படியொரு பட்டியலை எதிரே வைத்து, எதில் நான் நிற்கிறேன், எதற்குச் சான்றாக எந்த வேலையைக் காட்டுவேன் என்று எழுதிப் பார்த்தால் போதும்.

அந்தச் சான்றிதழ்ப் பட்டியலுக்கு வருவோம். செயலமர்வில் கற்றதை ஒரு மாதத்திற்குள் சொந்தத் தரவில் பயன்படுத்தாவிட்டால் அது கையில் தங்குவதில்லை. புள்ளிவிபர மென்பொருள் பயிற்சிக்கு மூன்று முறை போய் மூன்று சான்றிதழ் வாங்கியும், தன் அட்டவணையைத் தானே ஆராய முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பதுளையிலோ பண்டாரவளையிலோ இருப்பவர் கண்டியில் நடக்கும் இரண்டு மணி நேர அமர்வுக்காகப் போகவும் வரவும் ஒரு நாளையும், அதற்குரிய பணத்தையும் செலவிடுகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்துக்கு இது உடனே தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் போகாதிருப்பதே நல்லது. மறுபுறத்தில், தேவையான பயிற்சியைக்கூட ‘ஆய்வேடு முடியட்டும்’ என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ஐக்கிய இராச்சியத்துப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுக்கொண்டுள்ள, 2019இல் திருத்தப்பட்ட ஓர் உடன்பாடு, ஆய்வாளருக்குத் தொழில்சார் மேம்பாட்டுக்கென ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்களை ஒதுக்கச் சொல்கிறது. நமக்கு யாரேனும் ஒதுக்கித் தருவார்கள் என்று காத்திராமல், அந்தப் பத்து நாட்களை நாமே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

களப்பணித் திறன் தானாகவே வந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. என் அனுபவத்தையே சொல்கிறேன். என் முதல் ஆய்வுக்காக ஆடி மாதத்தில், தென்மேல் பருவமழை உச்சத்தில் இருந்தபோது, லயத்து அறைகளில் அமர்ந்து ஒன்பது நேர்காணல்களைப் பதிவு செய்தேன். மழை வெளியே பெய்துகொண்டிருந்தது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை, ஏனெனில் அந்த ஓசையிலேயே வளர்ந்த காது. விடுதிக்குத் திரும்பிக் கேட்டபோது தகரக் கூரையில் விழுந்த மழையைத் தவிர ஒலிப்பதிவில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. கையில் குறிப்பெடுக்கவும் இல்லை. ஒரேயொரு நேர்காணலை முன்னோட்டமாகச் செய்து அன்றிரவே கேட்டுப் பார்த்திருந்தால் ஏனைய எட்டும் தப்பியிருக்கும். கருவியை இயக்கக் கற்றுக்கொள்வதோடு திறன் முடிந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலநிலையில் அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் அதனுள் அடங்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தில் ஆய்வு செய்யக் கற்றுத் தர வேண்டுமா என்ற எண்ணமும் இப்படித்தான் நம்மைக் கவிழ்க்கிறது. ஊரை அறிந்திருப்பது வேறு, ஊரிடம் கேட்கத் தெரிந்திருப்பது வேறு. தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி பெற்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கூடவே வந்து காட்டிய ஆட்களிடம் கேட்டால், வரும் விடை துரைக்கும் கேட்கும்படியான விடையாகவே இருக்கும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவரை நிறுத்தி அரை மணி நேரம் பேசவைத்தால், அன்றைய நிறுவையில் அவருக்குக் கிலோ குறைந்து, பேர் (ஒரு நாளின் முழுச் சம்பளம்) அரைப் பேராகப் போகக்கூடும்; அந்த இழப்பை ஆய்வேட்டின் நன்றியுரை ஈடு செய்யாது. வினாக்கொத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒற்றை வரியில் கேட்டால் ஒருவர் சம்பளத்தில் பிடிபட்டது போகக் கையில் கிடைத்ததைச் சொல்வார், இன்னொருவர் அட்வான்ஸையும் கூட்டிச் சொல்வார், வேறொருவர் கொந்தரப்பில் (ஒப்பந்த வேலையில்) வந்ததையும் சேர்ப்பார். மூன்றும் ஒரே நிரலில் ஏறிய பின்பு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆங்கிலத்தில் ஆக்கிய வினாக்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்காமல், முதலில் நான்கைந்து பேரிடம் பேசி, அவர்கள் பணத்தை எப்படி வகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வினாவை அமைக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவதைச் சடங்காகக் கருதுவதும் இதனோடு சேர்ந்ததே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் அவர்கள் கொடுத்த விண்ணப்பங்களில் பெரும்பான்மை நிராகரிக்கப்பட்டன. தாளில் கைவைத்து ஏமாந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டி, நம் படிவத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டால் அதை அறியாமை என்று எழுதிவிடக் கூடாது. வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது, எதற்காகக் கேட்கிறோம், பெயர் எங்கும் வருமா என்பதை அவருடைய பேச்சிலேயே விளக்குவது ஆகியவையும் ஆய்வாளர் பயின்றே பெற வேண்டிய திறன்கள்.

உதவி கேட்பதை இழிவாகக் கருதும் பழக்கம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியபோது, பேராதனைப் பூங்காவின் இயக்குநராயிருந்த த்வெயிட்ஸ் தாவரவியலில் பெயர் பெற்றவர்தான். ஆயினும் நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சையியலாளர் பெர்க்லிக்கு அனுப்பினார். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பிறகு 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கு வந்து, தோட்டங்களிலேயே தங்கி அப்பூஞ்சையின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். அவராலும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. நம் முன்னோர் கோப்பி மலையிலிருந்து தேயிலை மலைக்கு மாறியது அதன் பின்விளைவு. நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. களத்தில் இருப்பவர் மாதிரியை எடுத்தார், அறிந்தவரிடம் அனுப்பினார், அடுத்தவர் வந்து தொடர்ந்தார். ஒருவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. தேயிலை மண்ணைப் பற்றி ஆராயும் ஒருவர் 1925இலிருந்து இயங்கிவரும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் உள்ளவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட எழுதாமல் ஆய்வேட்டை முடிப்பதைக் காணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. எழுதும்போதும், ‘எனக்கு எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று கேட்காமல் பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

மேற்பார்வையாளரோடு பழகுவதில் பணிவையும் மௌனத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். “சரி சேர்” என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்து, சொன்னது விளங்காமல் மூன்று மாதம் வேறு திசையில் போனவர்களை அறிவேன். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவானவை எவை, நான் செய்யப்போவது எது, எந்தத் திகதிக்குள் என்று ஆறேழு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், தவறாக விளங்கிக்கொண்டது மறுநாளே தெரிந்துவிடும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

‘ஆங்கிலம் இன்னும் தேறட்டும், பிறகு எழுதுவேன்’ என்பது நான் அதிகம் கேட்கும் சாக்கு. எழுதாமல் எந்த மொழியும் தேறுவதில்லை. வாதம் முதலில் தமிழில் தெளியுமானால் தமிழிலேயே வரைவை எழுதிக்கொள்வதில் தவறில்லை. பின்பு ஆங்கிலத்தில் எழுதும்போது அதைப் பெயர்க்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுத வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் ‘அரைப் பேர்’ என்பது ‘பாதிப் பெயர்’ ஆகிவிடும். எழுதியதை வெட்ட மனம் வராமையும் பெருங்குறை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது மலை மொட்டையாகத்தான் தெரியும். வெட்டாமல் விட்ட செடியில் கொழுந்து குறையும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். நாற்பது பக்க இலக்கிய மீளாய்வை இருபதாக்கக் கற்றுக்கொள்வது புதிய மென்பொருள் ஒன்றைக் கற்பதை விடக் கடினமானது, அதிகம் பயன் தருவதும் அதுவே.

வெளியீட்டு அவசரத்தில் நேரும் தவறுகள் ஆண்டுக் கணக்கில் பின்தொடரும். புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பி, ஒரு வாரத்தில் பிரசுரிப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இதழ்களிடம் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம் இருக்கிறதே என்பது ஆறுதலாகாது, அது வெறும் அடையாள எண், தரத்துக்கான முத்திரை அன்று. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுபவர் தமது பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா, இதழ் தன்னைப் பற்றிச் சொல்லும் தரவுத்தளப் பதிவு அந்தத் தரவுத்தளத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். கட்டுரையில் யார் பெயர் இடம்பெறும் என்பதை எழுதி முடித்த பிறகு பேசுவதும் மனக்கசப்பிலேயே முடியும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கான இசைவு, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒருவர் ஆசிரியராவார். நன்றிக்கடனாகப் பெயரைச் சேர்ப்பது அந்த நான்கில் எதிலும் அடங்காது. தொடக்கத்திலேயே பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் முடிவில் பேசுவது அதைவிடச் சங்கடம்.

தரவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நள்ளிரவில் வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கும் ஊரில், ஒரே மடிக்கணினியை நம்பியிருப்பது விவேகமாகாது. பெயர்களும் லயத்து இலக்கங்களும் அடங்கிய கோப்பு மட்டும் தனியாக, கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும்.

ஆய்வு முடிந்ததும் களத்தை மறந்துவிடுவதுதான் நான் சொல்ல வேண்டிய கடைசித் தவறு. நேர்காணல் கொடுத்தவர்களுக்கு ஆங்கில ஆய்வேட்டின் பிரதி எதற்கும் உதவாது. கண்டறிந்ததை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்றலிலோ பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்திலோ) எல்லோரையும் ஒன்றுகூடச் சொல்லி, இருபது நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்தைக் கேள்விக்கு விட வேண்டும். நான் அப்படி முதன்முறை பேசியபோது, என் மூன்றாம் அட்டவணையில் ஒரு எண் பிழை என்பதைக் கண்டுபிடித்தவர் கொழுந்தை எடைபோட்ட அனுபவம் உள்ள ஓய்வுபெற்ற ஒரு கங்காணி. பரீட்சகர் இருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.