‘த பாலிசர்ஸ்’ தொடரைத் திணறாமல் பார்த்து முடிக்க

ஆண்டனி ட்ரோலப் 1864 முதல் 1880 வரை எழுதிய ஆறு அரசியல் நாவல்களை ஒன்றாகக் கோத்து, 1974இல் பி.பி.சி. ஒளிபரப்பிய தொடர் ‘த பாலிசர்ஸ்’. திரைக்கதை முழுவதும் சைமன் ரேவன். மொத்தம் 26 எபிசோடு. ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம் என்பதால், ஏறக்குறைய 22 மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆவலோடு தொடங்கிவிட்டு நடுவில் விட்டுவிடுகிறவர்கள் பலர். ‘அழகான உடை, மாளிகை, காதல், நடுநடுவே சலிப்பூட்டும் நாடாளுமன்றப் பேச்சு’ என்று எடுத்துக்கொண்டு, பேச்சு வரும் இடங்களில் கைப்பேசியைப் பார்ப்பதுதான் காரணம். இந்தக் கதையில் காதலும் கல்யாணமும் தொகுதியையும் பணத்தையும் சட்டத்தையும் பிடித்தே நகர்கின்றன. யார் எந்தச் சபையில் உட்காரலாம், மனைவியின் சொத்து யாருக்குப் போகும் என்பது தெரியாவிட்டால், கதாபாத்திரங்கள் ஏன் அப்படித் தவிக்கிறார்கள் என்பதே பிடிபடாது.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள். தொடர் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. அகலத் திரை டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் வேண்டும். ‘வைடு’ வைத்தால் முகங்கள் உப்பும். ‘ஜூம்’ வைத்தால் தலையும் பாதமும் வெட்டுப்படும். அன்றைய பி.பி.சி. வழக்கப்படி உட்புறக் காட்சிகள் ஸ்டுடியோவில் வீடியோ கேமராவிலும், வெளிப்புறக் காட்சிகள் 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுக்கப்பட்டன. வரவேற்பறையிலிருந்து புல்வெளிக்கு இறங்கியதும் படத்தின் நிறமும் தன்மையும் சட்டென்று மாறுவது அதனால்தான், டிஸ்க்கில் கோளாறில்லை. கணினியில் பார்க்கும்போது, கை வீசினாலோ தலை திருப்பினாலோ ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், வி.எல்.சி. பிளேயரில் டி விசையை அழுத்தி, அந்தக் கோடுகளை நீக்கும் வசதியான டீஇன்டர்லேஸை இயக்குங்கள். வகை கேட்டால் ‘யாடிஃப் 2எக்ஸ்’ கொடுங்கள். ஸ்டுடியோ காட்சிகளின் அசைவு அப்போதுதான் சீராக இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு எபிசோடு நல்ல வேகம். பதின்மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரே நாளில் ஐந்து பார்த்தால் யார் எந்த அமைச்சரவையில் இருந்தார் என்பது கலங்கிப்போகும்.

ஒரு தாளில் நான்கு பத்தி

பெயர், பட்டம், உட்காரும் சபை, பணம் வரும் வழி. இந்த நான்கையும் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் எழுதிக்கொள்ளுங்கள். இதில் பெயரும் பட்டமும்தான் அதிகம் ஏமாற்றும்.

கதாநாயகன் பிளாண்டஜெனெட் பாலிசர் (ஃபிலிப் லேத்தம்), ஆம்னியம் டியூக்கின் தம்பி மகன், வாரிசு. ஆனால் பெரியப்பா உயிரோடு இருக்கும்வரை அவருக்குப் பட்டம் கிடையாது; வெறும் மிஸ்டர் பாலிசர்தான். அவர் மனைவி கிளென்கோராவோ (சூசன் ஹாம்ப்ஷயர்) உயர்குடிப் பிரபுவின் மகளாகப் பிறந்ததால், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் லேடி கிளென்கோரா. கணவர் டியூக் ஆனபின் அவள் டச்சஸ். தொடரில் இரண்டு ஆம்னியம் டியூக்குகள் வருவார்கள், முதலில் பெரியப்பா, பிறகு பிளாண்டஜெனெட். செயின்ட் பங்கே டியூக் என்பவர் வேறு ஆள். கட்சியைக் கட்டிக்காக்கும் மூத்தவர்.

சில்வர்பிரிட்ஜ் என்பது பாலிசர் குடும்பத்தின் செல்வாக்கிலுள்ள தொகுதி. பின்னால் அவர்களுடைய மூத்த மகனுக்கும் லார்ட் சில்வர்பிரிட்ஜ் என்றே பெயர். அது மரியாதைக்காக வழங்கும் பட்டம் மட்டுமே, சட்டப்படி அவன் பிரபு இல்லை. அதனால் கீழவைத் தேர்தலில் நிற்கலாம். பிரென்ட்ஃபோர்ட் பிரபுவின் மகன் லார்ட் சில்டர்னுக்கும் அதே நிலைதான். லார்ட் ஃபான் (டெரெக் ஜேகபி) மட்டும் உண்மையான பிரபு, மேலவையில் உட்காருபவர். ‘லார்ட்’ என்று கேட்டவுடன் மேலவை என்று தாளில் எழுதிவிடாதீர்கள்.

பிரதமர்களைக் கட்சி பார்த்துக் குறியுங்கள். மைல்ட்மே, கிரெஷம் இருவரும் லிபரல், டாபனி கன்சர்வேட்டிவ். கிரெஷமிடம் அன்றைய நிஜ லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனின் சாயலும், டாபனியிடம் கன்சர்வேட்டிவ் தலைவர் டிஸ்ரேலியின் சாயலும் தெரியும். 1867இல் டிஸ்ரேலி எதிர்க்கட்சியின் கொள்கையான வாக்குரிமைச் சீர்திருத்தத்தைத் தானே நிறைவேற்றியது நினைவிருந்தால், திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்கும் திட்டத்தை டாபனி கையிலெடுக்கும்போது லிபரல் கட்சிக்காரர்கள் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்பது விளங்கும்.

தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

சம்பளம். கீழவை உறுப்பினருக்கு 1911 வரை சம்பளமே இல்லை. அந்த ஆண்டுதான் 400 பவுண்டு நிர்ணயித்தார்கள். அயர்லாந்து மருத்துவர் ஒருவரின் மகனான ஃபினியஸ் ஃபின் (டோனல் மெக்கான்) சபைக்குள் நுழைந்ததிலிருந்து பதவிக்கு ஏங்குவது பேராசையால் அல்ல. அரசுப் பதவி கிடைத்தால்தான் வருமானம். பதவியில் இருப்பவர் அரசுக்கு எதிராக வாக்களிக்கவும் முடியாது. அயர்லாந்துக் குத்தகைதாரர் உரிமைக்காக அவன் பதவியை விடுகிற இடத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள். கொள்கைக்காகச் சாப்பாட்டையே விடுகிறான்.

மறுதேர்தல். கீழவை உறுப்பினர் ஒருவர் முக்கிய அமைச்சர் பதவியை ஏற்றால், தன் இடத்தைக் காலிசெய்து மறுபடி தொகுதியில் நின்று வெல்ல வேண்டும். இந்த விதி முற்றாக ஒழிந்தது 1926இல்தான். ‘இப்போதுதானே ஜெயித்தான், மறுபடி ஏன் தேர்தல்?’ என்ற குழப்பத்துக்கு இதுவே பதில்.

கைக்குள் இருக்கும் தொகுதி. லௌட்டன் தொகுதி பிரென்ட்ஃபோர்ட் பிரபு கைகாட்டியவருக்கு. ஃபினியஸ் அங்கே நின்று வெல்வது அவர் தயவில். அதே பிரபுவின் மகனான சில்டர்ன் விரும்பும் பெண்ணையே ஃபினியஸும் விரும்புகிறான். இருவரும் பெல்ஜியக் கடற்கரைக்குப் போய்த் துப்பாக்கிச் சண்டை போடுகிறார்கள். காதல் போட்டி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சபையில் ஃபினியஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே சில்டர்னின் வீட்டுடையது.

வெளிப்படை வாக்கு. 1872 வரை வாக்காளர் தன் வாக்கை எல்லோர் காதிலும் விழ உரக்கச் சொல்ல வேண்டும். நிலச் சொந்தக்காரரும் வாடிக்கையாளரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஃபினியஸ் குடியிருக்கும் வீட்டுக்காரர் பன்ஸ் ரகசிய வாக்குக்காகக் கூட்டத்துக்குப் போய்ப் போலீஸிடம் பிடிபடுவதை நகைச்சுவைத் துணுக்காகக் கடந்துவிடாதீர்கள். நாவலின் அரசியலே அவர் வாயில்தான் பச்சையாக வெளிவருகிறது. ட்ரோலப்புக்கு இதெல்லாம் கேள்விஞானம் இல்லை. 1868இல் பெவர்லி தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்று கடைசி இடத்தில் தோற்றார். லஞ்சம் மிதமிஞ்சிப்போனதால் அந்தத் தொகுதியையே 1870இல் நீக்கிவிட்டார்கள். பின்னால் டாங்கர்வில் தொகுதியில் ஃபினியஸின் எதிராளி பிரௌபரோ மீது லஞ்ச வழக்கு நடக்கும்போது, எழுதியவரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்.

மேலவைக்குத் தள்ளப்படுதல். பிளாண்டஜெனெட்டின் கனவு நிதியமைச்சர் பதவி. நிதியமைச்சர் கீழவையில் இருந்தாக வேண்டும். பெரியப்பா இறந்த கணமே அவர் டியூக் ஆகிறார், கீழவைக் கதவு அடைபடுகிறது. எல்லோரும் ஊரிலேயே பெரிய பட்டம் கிடைத்ததென்று வாழ்த்த, அவர் முகம் இருண்டிருக்கும். அவர் உயிராகப் போற்றும் வேலை தசம நாணயத் திட்டம். அன்று ஒரு பவுண்டு 20 ஷில்லிங், 240 பென்னி, 960 ஃபார்திங். பென்னிக்கு நான்குக்குப் பதில் ஐந்து ஃபார்திங் என்று மாற்றி, ஷில்லிங்குக்குப் பத்துப் பென்னி வைத்தால் பவுண்டுக்கு 1000 ஃபார்திங் வரும். கணக்கு பத்துப்பத்தாக அடங்கும். கிளென்கோரா இதைக் கேட்டுக் கொட்டாவி விடுவாள். ஆனால் தொடர் வெளிவந்தபோது பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறி (1971 பிப்ரவரி 15) மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. 1957இல் அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது.

மனைவியின் சொத்து. 1870, 1882 சட்டங்களுக்கு முன், தனி ஏற்பாடு இல்லாவிட்டால் மனைவியின் பணம் கணவனுக்கே. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பெண் பாத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். லாரா (அன்னா மாசி) தன் பங்கான 40,000 பவுண்டைச் சகோதரன் சில்டர்னின் கடனுக்குக் கொடுத்துவிட்டதால், பணக்காரக் கென்னடியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு அவரிடமிருந்து தப்பி டிரெஸ்டனில் போய் வாழ்வதும் சட்டத்தால்தான். இங்கிலாந்தில் இருந்தால் வீட்டுக்குத் திரும்பும்படி கணவர் வழக்குத் தொடுக்கலாம். மேடம் மாக்ஸ் (பார்பரா மர்ரே) வியன்னா வங்கிக்காரரின் விதவை. பணம் அவளுடையது, முடிவும் அவளுடையது. கிழ டியூக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கும்போது மறுக்கவும், கொலை வழக்கில் சிக்கும் ஃபினியஸைக் காப்பாற்றச் சாட்சியம் தேடிப் பிராகுக்குக் கிளம்பவும் தொடரிலேயே அவளால்தான் முடிகிறது. லிசி யூஸ்டஸ் (சாரா பேடல்) விடாமல் பிடித்திருக்கும் 10,000 பவுண்டு வைர அட்டிகை இறந்த கணவன் தந்த அன்பளிப்பா, குடும்பச் சொத்தா என்பது தனிச் சட்டச் சிக்கல். அங்கே வக்கீல் பேசும்போது ஒலியைக் கூட்டி வையுங்கள்.

வாய் திறக்க முடியாத குற்றவாளி. கொலை வழக்கில் ஃபினியஸ் ஏன் தன் தரப்பைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லவில்லை? 1898 வரை அப்படிப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை.

ஐந்நூறு பவுண்டு

இந்த விதிகள் எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் இடம் ஐந்தாவது நாவல். பிளாண்டஜெனெட் இப்போது கூட்டணி அரசின் பிரதமர். பிரபுக்கள் தேர்தலில் தலையிடுவது கீழவையின் உரிமையை மீறுவது என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அன்று தீர்மானம் போடுவது வழக்கம். அதை ஏட்டில் மட்டும் வைக்காமல் நிஜமாகக் கடைப்பிடிக்கிறார் அவர்: சில்வர்பிரிட்ஜில் என் ஆள் யாரும் கிடையாது. டச்சஸுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. ஊக வணிகன் ஃபெர்டினண்ட் லோபஸ் (ஸ்டுவர்ட் வில்சன்) நிற்கட்டும் என்று ஜாடை காட்டிவிடுகிறாள். டியூக்கின் ஆதரவு வரவில்லை. அவன் போட்டியிலிருந்து விலகுகிறான். செலவான 500 பவுண்டை மாமனாரிடம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டவன், டியூக்குக்கும் கடிதம் எழுதிக் கேட்கிறான். ‘என் மனைவி சொல்லித்தானே நின்றான்’ என்று டியூக் கொடுத்துவிடுகிறார். செய்தி பத்திரிகைக்காரர் குவின்டஸ் ஸ்லைடுக்குப் போகிறது. பிரதமரே தேர்தலில் பணம் கொடுத்தார்! சபையில் கேள்வி எழும்போது, மேலவையில் இருப்பதால் டியூக் கீழவையில் பதில் சொல்ல முடியாது. ஃபினியஸ் எழுந்து பேச வேண்டியிருக்கிறது. டச்சஸின் பெயரை இழுக்காமல் டியூக்கைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் பகுதியைப் பார்க்கும் முன் உங்கள் தாளை ஒருமுறை புரட்டுங்கள். கணவன் மனைவிக்கிடையே நடக்கும் பேச்சைத் திரும்ப ஓடவிட்டுக் கேளுங்கள். லேத்தம் குரலை உயர்த்துவதே இல்லை. ஹாம்ப்ஷயர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்து நடுவில் நிறுத்துகிறார். 26 எபிசோடில் நடிப்பின் உச்சம் இந்த இருவரின் கல்யாண வாழ்க்கைதான்.

நாவலும் தொடரும் பிரியும் இடங்கள்

(முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) முதல் நாவலின் கதாநாயகி ஆலிஸ் வாவசர், ரேவன் அவளைச் சுருக்கிவிட்டு, கிளென்கோராவை முதல் காட்சியிலிருந்தே முன்னே கொண்டுவந்தார். நல்ல முடிவு, 26 வாரத்துக்கு ஓர் அச்சு வேண்டுமே. கடைசி நாவல் தொடங்கும் முதல் வரியிலேயே டச்சஸ் இறந்துவிட்டாள். தொடரோ அவளைக் கதைக்குள் இன்னும் கொஞ்ச தூரம் உயிரோடு வைத்திருக்கிறது. இதனால் அந்த நாவலின் அடிநாதமான தனிமை, மகளையும் மகன்களையும் தன்னந்தனியாகச் சமாளிக்கும் தந்தையின் தடுமாற்றம், சுருங்கிப்போனது. சில்வர்பிரிட்ஜாக ஆண்டனி ஆண்ட்ரூஸும், டியூக்கின் மகளுடைய காதலன் டிரிகியராக ஜெரமி அயர்ன்ஸும் வரும் இந்த இறுதிப் பகுதி அவசரமாக ஓடுவதாகத் தோன்றினால், காரணம் அதுதான்.

22 மணி நேரம் மலைப்பாக இருந்தால் சிறியதில் பழகுங்கள். 1994இல் பி.பி.சி. எடுத்த ‘மிடில்மார்ச்’ ஆறு எபிசோடு. 1832 சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆண்டுகளின் கதை. ராபர்ட் ஹார்டி நடித்த மிஸ்டர் புரூக்கின் தேர்தல் முயற்சியில் வெளிப்படை வாக்குக் காலத்தின் கூச்சலைக் காணலாம். 2001இன் ‘த வே வி லிவ் நவ்’ நான்கே எபிசோடு. டேவிட் சூஷே நடித்த மோசடி நிதியதிபர் மெல்மோட் நாடாளுமன்றத்துக்குள் நுழைகிறான். பணம் பட்டத்தை வாங்கும் விதம் அதில் இன்னும் கூர்மை.

தொடரை முடித்தபின் நாவல் படிக்க விரும்பினால், முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஃபினியஸ் ஃபின்’னில் ஆரம்பியுங்கள், சபை விவாதங்கள் அதில் நிறைய. அடுத்து ‘ஃபினியஸ் ரிடக்ஸ்’, ‘த பிரைம் மினிஸ்டர்’, கடைசியாக ‘த டியூக்ஸ் சில்ட்ரன்’. வைர அட்டிகைக் கதையான ‘த யூஸ்டஸ் டைமண்ட்ஸ்’ நாவலைத் தனியாக எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். இந்தியத் துறைத் துணைச் செயலரான லார்ட் ஃபான், மைகாப் சவாப் என்ற கற்பனை இந்திய மன்னரின் வழக்கில் மாட்டிக்கொண்டு திணறும் பக்கங்களை அதில் விடாதீர்கள். அந்த மன்னருக்கு நியாயம் கிடைத்ததா என்று சபையில் ஒருவருக்கும் அக்கறையில்லை. இரு கட்சிக்கும் எதிராளியை அடிக்க அவர் ஒரு தடி, அவ்வளவே.