ஆயில் ஊறிய மண்ணைச் சாணமும் காப்பித் தோலும் போட்டு மீட்பது எப்படி?

வாழப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு ஆயில் இன்ஜின் பல வருஷம் ஓடியது. கரண்ட் மோட்டார் வந்ததும் அதை எடுத்துவிட்டோம். ஆனால் அது நின்ற இடத்தில் அருகம்புல்கூட முளைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மண்ணை வாரி வேலி ஓரம் கொட்டிவிடலாம் என்றார்கள். கொட்டினால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் மறுபடி கிணற்றுக்கே வந்து சேரும்.

டீசலையும் ஆயிலையும் தின்று வாழும் பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன. சூடோமோனாஸ் அதில் ஒரு வகை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் போட்டு அங்கிருந்த நுண்ணுயிரிகளையே வேலை செய்ய வைத்தார்கள். நாம் செய்யப்போவதும் அதுதான். ஆயிலில் கார்பன் ஏராளம். ஆனால் அவை பெருகத் தேவையான தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இல்லை. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது பொதுவான கணக்கு. அதைச் சாணமும் கோழி எருவும் தரும். காற்றுக்கும் ஈரத்துக்கும் நாம் வழி செய்ய வேண்டும்.

தொடங்கும் முன்

ஒன்றிரண்டு வண்டி மண் என்றால் வீட்டில் செய்யலாம். மண்ணில் ஆயில் தேங்கி நின்றால் முதலில் அதை மொண்டு கேனில் பிடித்து, அனுமதி பெற்ற கழிவு ஆயில் மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் ஆயில் பட்ட மண்ணைத் தொடவே வேண்டாம், அதில் வேறு நச்சு இருக்கலாம். கையுறை கட்டாயம். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

குவியல் போடுவது

தை மாதம் தொடங்கினால் மழைக்காலத்துக்குள் பெரும்பகுதி வேலை முடியும். கிணற்றை விட்டுத் தள்ளி, மேடான நிழலில் தார்ப்பாய் விரித்து, நான்கு ஓரத்தையும் மடித்துக் கரை கட்டுங்கள். கறுத்த மண்ணை அதில் வாரிப் போட்டுக் கட்டிகளை உடையுங்கள்.

நான் போட்ட அளவு: 10 சட்டி மண்ணுக்கு 3 சட்டி காப்பித் தோல், 2 சட்டி பாதி காய்ந்த சாணம், 1 சட்டி மக்கிய கோழி எரு. காப்பித் தோல் ஏற்காட்டிலிருந்து வந்தது. அது கிடைக்காவிட்டால் நிலக்கடலைத் தோல் போதும். மண்ணுக்குள் காற்று போக வழி விடுவதுதான் அதன் வேலை. கோழி எருவுக்கு நாமக்கல் பக்கம்தானே, பஞ்சமில்லை. பச்சை எரு மட்டும் வேண்டாம், சூடேறி நாறும். எல்லாவற்றையும் கலந்து இரண்டடி உயரத்துக்கு மேல் போகாமல் குவியுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மில்லில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி சும்மா கிடைக்கிறதே என்று முதல் குவியலில் ஈரத் திப்பியாகவே கொட்டினேன். நாலாம் நாள் புளித்த வாடை. உள்ளே கை விட்டுப் பார்த்தால் களி மாதிரி கொழகொழவென்று இருந்தது. திப்பியில் மிச்சமிருக்கும் மாவு எளிதான தீனி. நுண்ணுயிரிகள் முதலில் அதைத்தான் தின்னும், காற்றையும் தீர்த்துவிடும், ஆயில் அப்படியே கிடக்கும். எல்லாவற்றையும் பரப்பி வெயிலில் உலர்த்தி, காப்பித் தோல் சேர்த்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. திப்பி போட்டே தீரவேண்டும் என்றால் காயவைத்து ஒரு கை அளவு போடுங்கள்.

ஈரமும் கிளறலும்

ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சேலத்து மாசி, பங்குனி வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்பதால் பூவாளியில் தெளித்து ஈரச் சாக்கு போட்டு மூடினேன். முதல் மாதம் வாரம் ஒரு முறை அடிமண் மேலே வரும்படி புரட்டுங்கள், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். சோப்புத் தூள் கரைசல் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள், ஆயில் கரைந்து இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

தேறியதா என்று பார்ப்பது

டீசல் மட்டும் என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும். இன்ஜின் ஆயில் கெட்டி, இன்னும் இழுக்கும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மண்ணைக் கலக்கி விடுங்கள். மேலே மயில்கழுத்து நிறத்தில் படலம் விரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. அடுத்து இரண்டு கொட்டாங்கச்சி: ஒன்றில் இந்த மண், மற்றதில் நல்ல மண், இரண்டிலும் 10 பச்சைப்பயறு. எனக்கு இரண்டாம் மாதம் இரண்டு பயறுதான் முளைத்தது, அதுவும் வேர் கருகி. ஆறாம் மாதம் எட்டு முளைத்தது, வேர் வெள்ளையாக இருந்தது. நல்ல மண்ணில் ஒன்பது.

பழைய இன்ஜின் ஆயிலில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். அவற்றை எந்த நுண்ணுயிரியும் தின்று தீர்க்காது, பயறு முளைத்தாலும் அவை மண்ணில்தான் இருக்கும். அதனால் பரிசோதனைக் கூடத்தில் உலோகம் பார்க்காமல் அந்த மண்ணில் கீரையோ கிழங்கோ போடக் கூடாது. நான் கிணற்று மேட்டில் வெட்டிவேர் வைத்திருக்கிறேன்.